எதையும் எடுத்துக்கொள்ளாமல் போன திருடன்

மொனாக்கோவின் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடித்துவிட்டு இரண்டு பேர் ஒரு குட்டி மஞ்சள் ஃபியட் காரில் தப்பித்துப் போகிறார்கள். காருக்குள் காலை நீட்டக்கூட இடமில்லை, அத்தனையும் நோட்டு. கழுத்துவரை பணத்தில் புதைந்தபடி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்போது லூப்பின் ஒரு நோட்டை எடுத்து உற்றுப் பார்க்கிறான். சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. கள்ள நோட்டு. அசலையே தோற்கடிக்கிற அளவுக்கு நேர்த்தியான கள்ள நோட்டு. அடுத்து நாம் பார்ப்பது, காரிலிருந்து அத்தனை பணமும் ரோட்டில் பறந்து போவதை. மெதுவான ஒரு பாட்டு ஒலிக்கிறது, படத்தின் பெயர் வருகிறது.

1979 டிசம்பர் 15 அன்று ஜப்பானில் வெளியான 'மூன்றாம் லூப்பின்: கலியோஸ்ட்ரோவின் கோட்டை' இப்படித்தான் தொடங்குகிறது. நூறு நிமிட அனிமேஷன் படம். ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படம் இதுதான். அப்போது அவருக்கு வயது 38. பின்னாளில் அவரும் நண்பர்களும் தொடங்கிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லி என்ற பெயரே அன்று கிடையாது.

ஒரு திருடனின் சாகசப் படம், திருடிய பணத்தைத் தூக்கி எறிவதில் தொடங்குகிறது. முடிவிலும் அவன் வெறும் கையோடுதான் போகிறான். அதற்குச் சற்று முன்னால் ஒரு பெரிய புதையலே கண் முன்னால் திறக்கிறது, அதையும் விட்டுவிடுகிறான். இது ஏதோ தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. லூப்பின் என்ற திருடனுக்கு இந்தப் படம் வருவதற்கு முன்பே எழுபத்து நான்கு வருட வரலாறு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் மியாசாகி என்ன செய்திருக்கிறார் என்பது புரியும்.

முதல் லூப்பின் பிரெஞ்சுக்காரன். 1905 ஜூலையில் 'ஜ சே தூ' என்ற பத்திரிகையில் மொரீஸ் லெப்லான் எழுதிய சிறுகதையில் ஆர்சேன் லூப்பின் முதல்முறையாக வந்தான். ஆச்சரியம் என்னவென்றால், அறிமுகக் கதையிலேயே அவன் கைதாகிவிடுகிறான். ஆனால் வாசகர்கள் விடவில்லை. லெப்லான் தன் வாழ்நாள் முழுக்க அவனைப் பற்றியே எழுத வேண்டியதாகிவிட்டது. நல்ல உடை, நல்ல பேச்சு, யாரையும் கொல்லாத கொள்கை, பணக்காரர்களின் அசட்டுப் பெருமையை உடைப்பதில் ஒரு குதூகலம் என்று ஜென்டில்மேன் திருடனுக்கு ஓர் இலக்கணமே அந்தக் கதைகளில் உருவானது.

அந்த முதல் கதையிலேயே ஒரு குறிப்பு வருகிறது. லூப்பின் ஒரு பிரபுவின் வீட்டுக்குள் இரவில் நுழைகிறான், ஒன்றையும் தொடாமல் திரும்பிவிடுகிறான். போகும்போது தன் பெயர் அச்சடித்த அட்டையை வைத்துவிட்டுப் போகிறான். இங்கே இருக்கிற மரச்சாமான்கள் அசலானவையாக மாறும்போது மறுபடி வருகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறது. போலியைத் தொடாத திருடன். பாட்டனிடம் இருந்த இந்தக் குணம்தான் மொனாக்கோ ரோட்டில் நோட்டுகளை வீசுகிற பேரனிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

பேரனை உருவாக்கியவர் கசுஹிகோ காட்டோ. மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில்தான் உலகம் அவரை அறியும். 1967 ஆகஸ்டில் 'வாரந்தர மாங்கா ஆக்‌ஷன்' இதழில் அவர் தொடங்கிய தொடர்தான் 'மூன்றாம் லூப்பின்'. பிரெஞ்சுத் திருடனின் பேரன் என்று சொல்லிக்கொள்கிற ஒருவன், குறி தவறாத துப்பாக்கிக்காரன் ஜிகென், வாளால் எதையும் வெட்டுகிற கோயெமோன், யாருக்கும் விசுவாசமில்லாத அழகி ஃபுஜிகோ, இவர்களை விடாமல் துரத்துகிற போலீஸ் அதிகாரி ஸெனிகாட்டா. பெரியவர்களுக்கான மாங்கா அது, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. அதில் வருகிற லூப்பின் கரடுமுரடானவன், பெண்பித்தன், தேவைப்பட்டால் கொல்லவும் தயங்காதவன். லெப்லானின் வாரிசுகளிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை. அதனால் ஜப்பானுக்கு வெளியே பல காலம் லூப்பின் என்ற பெயரையே பயன்படுத்த முடியவில்லை. பிரான்சில் டி.வி.யில் வந்தபோது அவன் பெயர் எட்கார் ஆகிவிட்டது. திருடனின் பெயரே திருட்டுப் பொருள் ஆன கதை.

சரி, இந்த முரட்டு ஆள் எப்படி மென்மையானான்?

1971 அக்டோபரில் முதல் டி.வி. தொடர் ஆரம்பித்தது. முதலில் இயக்கியவர் மசாகி ஓசுமி. பார்வையாளர் எண்ணிக்கை சரிந்ததால் தொடரின் பாதியில் அவர் விலக, வேலை இரண்டு பேர் கைக்கு வந்தது. ஒருவர் இசாவோ தகஹாட்டா, இன்னொருவர் மியாசாகி. அவர்கள் அப்போதுதான் பிப்பி என்ற ஸ்வீடன் நாட்டுச் சிறுமியின் கதையைப் படமாக்க முயன்று, எழுத்தாளரின் அனுமதி கிடைக்காமல் கைவிட்டிருந்தார்கள். லூப்பின் தொடரில் அவர்கள் பெயர்கூட வரவில்லை, 'ஏ புரொடக்‌ஷன் இயக்குநர் குழு' என்றுதான் போட்டார்கள். 23 அத்தியாயங்களோடு தொடர் நின்றுபோனது.

ஆனால் அந்தச் சில மாதங்களில் ஒரு காரியம் நடந்தது. முதலில் வந்த லூப்பின், செல்வத்தில் பிறந்து வளர்ந்து சலித்துப்போனவன். பழைய மெர்சிடிஸ் எஸ்.எஸ்.கே. காரில் வருவான். பொழுதுபோகாமல் திருடுகிறவன். மியாசாகிக்கு அந்தச் சலிப்பு பிடிக்கவில்லை. கையில் காசில்லாத, ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிற, பசிக்கிற லூப்பின்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதனால் காரையும் மாற்றினார்கள். ஃபியட் 500 வந்தது. அது அனிமேஷன் இயக்குநர் யசுவோ ஒட்சுகா சொந்தமாக வைத்திருந்த கார். அரை லிட்டருக்கும் குறைவான எஞ்சின், அதுவும் பின்பக்கம், இத்தாலியில் சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய வண்டி.

இதை ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஒருவன் எதில் வருகிறான் என்பதைப் பார்த்தே அவன் யார் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். கலியோஸ்ட்ரோ படத்தில் கதாநாயகி கிளாரிஸ் தப்பி ஓடுகிற கார் சிட்ரோயன் 2சி.வி. அதுவும் ஏழை எளியவர்களுக்காக உருவான பிரெஞ்சு வண்டிதான், அதோடு மியாசாகி வாழ்க்கையில் முதன்முதலில் வாங்கிய கார். ஒட்சுகாவின் கார் மியாசாகியின் காரைக் காப்பாற்றத் துரத்திக்கொண்டு போகிறது என்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அதில் கார்கள் பாறையில் ஏறுவதும் காட்டுக்குள் பாய்வதும் நடக்கவே நடக்காத காரியங்கள். இருந்தாலும் நம்புகிறோம். வரைந்தவர்களுக்கு அந்த வண்டியின் ஸ்பிரிங் எப்படி அமுங்கும், வளைவில் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று ஓட்டிப் பழகித் தெரிந்திருந்தது.

துரத்தலுக்கு முன்னால் வருகிற அரை நிமிடமும் அவ்வளவு நல்லது. டயர் பஞ்சர். ஜிகென் குனிந்து டயரை மாற்றிக்கொண்டிருக்கிறான். லூப்பின் காரின் மேலே சாய்ந்து மேகம் பார்க்கிறான். என்ன ஒரு அமைதி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். உடனே கல்யாண உடையில் ஒரு பெண் ஓட்டுகிற கார் சீறிக்கொண்டு போகிறது, பின்னால் அடியாட்களின் கார்.

1977இல் வந்த இரண்டாவது டி.வி. தொடர் பெரிய வெற்றி. பச்சைச் சட்டைக்காரன் சிவப்புச் சட்டைக்காரன் ஆனான், 155 அத்தியாயங்கள் ஓடின. அந்த வேகத்தில் 1978 டிசம்பரில் முதல் அனிமேஷன் படம் வந்து நன்றாக ஓடியது. உடனே அடுத்த வருடமே இன்னொரு படம் வேண்டும் என்றது டோக்கியோ மூவி நிறுவனம். ஒட்சுகா வழியாக வாய்ப்பு மியாசாகிக்கு வந்தது. 1979 மே மாத வாக்கில் கதையையும் ஸ்டோரிபோர்டையும் தொடங்கினார், டிசம்பரில் படம் தியேட்டரில். இன்றைக்கு ஒரு அனிமேஷன் படத்துக்கு மூன்று நான்கு வருடம் எடுக்கிறார்கள். ஏழெட்டு மாதத்தில் இப்படி ஒரு படம் என்பது எனக்கு இன்னும் திகைப்பாகத்தான் இருக்கிறது.

அவ்வளவு அவசரத்தில் ஒருவர் எங்கே போவார்? பல வருடமாக மனதில் சேர்த்து வைத்திருந்ததிடம்தான் போவார். இந்தப் படத்தில் இருக்கிற பெரிய பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே வேறெங்கிருந்தோ வந்தவைதாம்.

கலியோஸ்ட்ரோ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருவன் வாழ்ந்தான். சிசிலியின் பலெர்மோவில் 1743இல் பிறந்த ஜுசெப்பே பால்சமோ. கலியோஸ்ட்ரோ பிரபு என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, ரசவாதி, வைத்தியன், சாகாவரம் தெரிந்தவன் என்றெல்லாம் சொல்லி ஐரோப்பிய அரண்மனைகளில் வலம் வந்தான். பத்திரங்களைப் போலியாகத் தயாரிப்பதிலும் கைதேர்ந்தவன். பிரெஞ்சு அரசியின் பெயரைக் கெடுத்த 1785ஆம் வருட வைர நெக்லஸ் வழக்கில் சிக்கி பஸ்தீல் சிறையில் இருந்தான். கடைசியில் இத்தாலியின் சான் லியோ கோட்டைச் சிறையில் 1795இல் செத்துப்போனான். இந்த ஆளின் வழிவந்தவளாக ஒரு பெண்ணைக் கற்பனை செய்து லெப்லான் 1924இல் ஒரு நாவல் எழுதினார். இருபது வயது லூப்பினின் முதல் பெரிய சாகசம் அது. அதில் இளம் லூப்பின் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணின் பெயர் கிளாரிஸ். மியாசாகி பெயரைக்கூட மாற்றவில்லை.

ஏரிக்கு அடியில் ஒரு ரோமானிய ஊர் மூழ்கிக் கிடப்பதும் லெப்லானின் இன்னொரு நாவலில் இருக்கிறது. பச்சைக் கண் பெண்ணைப் பற்றிய கதை அது. அப்புறம் மணிக்கூண்டு. ஜப்பானிய மர்மக்கதை எழுத்தாளர் எடோகாவா ரான்போ எழுதிய 'பேய்க் கோபுரம்' என்ற நாவலைப் பள்ளிப் பருவத்தில் படித்து அதன் பெரிய கடிகாரத்தில் மயங்கியதை மியாசாகி பின்னாளில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். 2015இல் மிதாகாவில் இருக்கிற ஜிப்லி அருங்காட்சியகத்தில் அந்த நாவலுக்காகவே ஒரு கண்காட்சி வைத்தார். ரான்போவின் நாவலும் சொந்தச் சரக்கு கிடையாது. அதற்கு முன்னால் குரோய்வா ருய்கோ செய்த தழுவலின் தழுவல், அதற்கும் மூலம் 1898இல் ஆலிஸ் வில்லியம்சன் ஆங்கிலத்தில் எழுதிய மர்மக் கதை. இங்கிலாந்துக் கடிகாரம் ஒன்று மூன்று கை மாறி கலியோஸ்ட்ரோ நாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கோட்டையின் அமைப்பு பிரான்சிலிருந்து வந்தது. போல் கிரிமோவின் 1952ஆம் வருட அனிமேஷன் படத்தில் ஒரு சர்வாதிகார ராஜா இருக்கிறான். வானளாவிய அரண்மனை. பிடிக்காதவர்களைத் தரையில் ஒரு பொறியைத் திறந்து பாதாளத்துக்கு அனுப்பிவிடுவான். விரும்பாத பெண்ணை வலுக்கட்டாயமாகக் கல்யாணம் செய்யப் பார்ப்பான். கலியோஸ்ட்ரோவில் இந்த மூன்றும் இருக்கின்றன. மியாசாகியும் தகஹாட்டாவும் இளம் வயதில் அந்தப் படத்தைப் பார்த்து மேலே கீழே என்ற இரண்டு திசைகளை வைத்தே ஓர் அரசாங்கத்தின் சுபாவத்தைக் காட்ட முடியும் என்று கற்றுக்கொண்டார்கள்.

இப்படி ஊர் உலகத்தில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கோத்த படம் சொந்தப் படம் ஆகுமா என்றால், ஆகியிருக்கிறது. ஏனென்றால் இத்தனைக்கும் நடுவில் மியாசாகி வைத்த ஒரு பொருள் மட்டும் யாருடையதும் கிடையாது. ஒரு வாய்த் தண்ணீர்.

கதை இதுதான். அந்தக் கள்ள நோட்டின் ஊற்றைத் தேடி லூப்பினும் ஜிகெனும் கலியோஸ்ட்ரோ சிற்றரசுக்குப் போகிறார்கள். ஜனத்தொகை 3,500. ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராக இருக்கிற மிகச் சிறிய நாடு என்கிறான் ஜிகென். அங்கே அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள். ஆட்சியைக் கைப்பற்றி வைத்திருக்கிற கலியோஸ்ட்ரோ பிரபு, இன்னொரு கிளையின் கடைசி வாரிசான கிளாரிஸை மணக்க நினைக்கிறான். அவளிடம் ஒரு வெள்ளி மோதிரம், அவனிடம் ஒரு தங்க மோதிரம். இரண்டும் சேர்ந்தால் முன்னோர்கள் மறைத்த புதையல் திறக்கும். லூப்பின் கோட்டைக்குள் நுழைகிறான்.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறான் என்பது படத்தில் ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிகிறது. குண்டடி பட்டு, தோட்டக்காரரின் வீட்டில் கண் விழிக்கிறான். ரத்தம் போய்விட்டது, சாப்பாடு கொண்டுவா என்று கத்தி, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் திணிக்கிறான். அப்புறம்தான் சொல்கிறான். பத்து வருடத்துக்கும் முன்னால், பெயர் வாங்கத் துடித்த பொடியனாக இருந்தபோது, தனியாக அந்தக் கள்ள நோட்டைத் திருட வந்தான். முடியவில்லை. அடிபட்டு, கோட்டைத் தோட்டத்தில் வந்து விழுந்தான். அங்கே ஒரு சின்னப் பெண், நாய்க்குட்டியோடு. அவள் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அது நினைவிருந்ததாகத் தெரியவில்லை. அவனும் தன் வாயால் அவளிடம் சொல்வதில்லை.

மாங்காவில் வருகிற லூப்பினுக்கு வயது ஏறாது. டி.வி. லூப்பினுக்கும் ஏறாது. இந்தப் படத்தில் மட்டும் அவனுக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது, அதில் ஒரு தோல்வி இருக்கிறது. லூப்பின் அவன் காலத்தின் குழந்தை, அறுபதுகளின் கடைசியில் பிறந்த துடுக்குத்தனம் எழுபதுகளின் முடிவில் வலிந்து செய்வது போல ஆகிவிட்டது என்ற அர்த்தத்தில் மியாசாகி எழுதியிருக்கிறார். பழைய துடுக்கை மறுபடி போட்டுக் காட்டுவதற்குப் பதிலாக, துடுக்கு ஓய்ந்த பிறகு அந்த மனிதனிடம் என்ன மிஞ்சும் என்று கேட்டார். மிஞ்சுவது நன்றி என்று படம் சொல்கிறது.

மங்கி பஞ்ச் இந்தப் படத்தை நல்ல படம் என்று பாராட்டினார். ஆனால் இது என் லூப்பின் இல்லை, என் லூப்பின் இவ்வளவு நல்லவன் இல்லை என்ற கருத்தை மறைத்ததும் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான். கிளாரிஸ் மாதிரி ஒரு பெண்ணுக்கு அவர் மாங்காவில் இடமே கிடையாது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரவு. கிளாரிஸை வடக்குக் கோபுரத்தின் உச்சியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். லூப்பின் கோட்டையின் செங்குத்தான ஓட்டுக் கூரை மேல் நிற்கிறான். எதிரே கோபுரம், நடுவில் அதல பாதாளம். கயிறு கட்டிய ஒரு சின்ன ராக்கெட்டை அனுப்பி, அதைப் பிடித்துக்கொண்டு போவதாகத் திட்டம். லைட்டர் பற்றவில்லை. மறுபடி, மறுபடி. ராக்கெட் கை நழுவி ஓட்டில் உருள்கிறது. பிடிக்கப் பாய்கிறான். சரிவு, கால் நிற்கவில்லை. ஓடத் தொடங்கிவிட்டான், இனி நிறுத்த முடியாது. கூரை முடிகிற இடத்தில் வேறு வழியில்லாமல் குதிக்கிறான். காற்றில் கைகாலை உதைத்துக்கொண்டு போய் அடுத்த கூரையில் விழுந்து, அங்கிருந்தும் எகிறி, கோபுரச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறான்.

திட்டம் தோற்றதால்தான் காரியம் நடந்தது. மற்ற சாகசப் படங்களில் நாயகன் கணக்குப் போட்டுக் குதிப்பான். இங்கே ஒரு மனிதன் தடுமாறி, பயந்து, பாதி விழுந்து பாதி பறக்கிறான். உடம்பின் எடை நமக்குத் தெரிகிறது. அந்த எடை தெரிவதால்தான் அடுத்து வருகிற காட்சி மனதைத் தொடுகிறது.

கோபுரத்துக்குள் கிளாரிஸ் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். யார் என்று கேட்கிறாள். திருடன் என்கிறான். ரொம்ப மரியாதையாகச் சொல்கிறான். பெட்டியில் பூட்டிவைத்த நகைகளை வெளியே கொண்டுவருவதும், விருப்பமில்லாமல் மணப்பெண் ஆக்கப்பட்டவளைப் பச்சைப் புல்வெளியில் விட்டுவிடுவதும் திருடனின் வேலைதான் என்கிறான். அவள் அழுகிறாள், என்னால் உங்களுக்கு ஆபத்து என்கிறாள். அவன் வெறும் கையை முறுக்கி, அதிலிருந்து ஒரு சின்னப் பூவை வரவழைக்கிறான். இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்கிறான். பூவின் காம்பைத் தொடர்ந்து பல நாடுகளின் குட்டிக் குட்டித் தேசியக் கொடிகள் தோரணமாக நீண்டுகொண்டே வருகின்றன. அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. லெப்லான் காலத்திலிருந்து வந்த திருட்டு என்ற சொல்லுக்கே இந்த இடத்தில் அர்த்தம் மாறிவிடுகிறது. எடுத்துக்கொள்வது என்பது போய், வெளியே விடுவது என்று ஆகிறது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பிரபு வருகிறான், பொறி திறக்கிறது, லூப்பின் பாதாளத்தில் எலும்புக்கூடுகளுக்கு நடுவே போய் விழுகிறான். அங்கே ஏற்கெனவே விழுந்து கிடப்பவன் ஸெனிகாட்டா.

இந்தப் போலீஸ்காரனைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். வெளியேற வழி தேடும்போது இருவரும் ஒரு ரகசிய அச்சுக்கூடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பல நாட்டு நோட்டுகள் மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன. பிரான்சை ஆண்ட பூர்போன் வம்சத்தைக் கவிழ்த்ததும், நெப்போலியனுக்குப் பணம் கொடுத்ததும், 1927இல் உலகப் பொருளாதாரத்தை ஆட்டியதும் இந்த நோட்டுதான் என்று படத்தின் கற்பனை வரலாறு சொல்கிறது. ஸெனிகாட்டா இன்டர்போலுக்கு ஓடுகிறான். அங்கே கூடியிருக்கிற பெரிய நாடுகளின் பிரதிநிதிகள் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். எல்லாருக்கும் அந்தக் கள்ள நோட்டு தேவைப்பட்டிருக்கிறது. அதனால் யாரும் தொட மாட்டார்கள். விஷயம் அரசியல், நீ திரும்பிப் போ என்கிறார்கள். பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1979இல் ஒரு பொழுதுபோக்குப் படத்துக்கு நடுவில் இதை வைத்திருக்கிறார் மியாசாகி.

ஸெனிகாட்டா என்ன செய்கிறான்? கல்யாணத்தன்று லூப்பினைப் பிடிப்பதாகச் சொல்லிப் படையோடு கோட்டைக்குள் பாய்கிறான். டி.வி. நிருபராக வந்த ஃபுஜிகோ உலகம் முழுக்க நேரலையில் காட்டிக்கொண்டிருக்கிறாள். லூப்பினைத் துரத்துகிற சாக்கில் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்து, கேமராவைப் பார்த்து, ஐயோ லூப்பினைத் தேடி வந்த இடத்தில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேனே, நான் என்ன செய்வேன் என்று வரவே வராத நடிப்பில் கூவுகிறான். ஒரு நேர்மையான ஆள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் சொல்கிற அழகு அது.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். ஃபுஜிகோ மற்ற கதைகளில் லூப்பினுக்குச் சமமான எதிராளி, இங்கே அவ்வப்போது வந்து உதவிவிட்டுப் போகிறாள். கோயெமோனுக்கு அதுகூட இல்லை. பிரபுவுக்குப் பேராசையைத் தவிர வேறு முகம் கிடையாது. கிளாரிஸும் ஓர் ஆணின் மனதில் இருக்கிற இளவரசியாகத்தான் பல இடங்களில் தெரிகிறாள். கல்யாண மேடையில் லூப்பினைக் காக்க அவள் முன்வருகிற இடங்களில் மட்டும் பின்னாள் மியாசாகியின் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கிளாரிஸுக்குக் குரல் கொடுத்த சுமி ஷிமாமோட்டோதான் ஐந்து வருடம் கழித்து மியாசாகியின் அடுத்த படத்தின் நாயகி நௌசிகாவாகவும் பேசினார்.

அந்த ஐந்து வருடம் மியாசாகிக்குச் சிரமமான காலம். கலியோஸ்ட்ரோ தியேட்டரில் முந்தைய படம் அளவுக்குக்கூட ஓடவில்லை. விண்வெளிப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதிய நேரம் அது. மைனிச்சி திரைப்பட விருதுகளில் அனிமேஷனுக்கான ஓஃபுஜி நொபுரோ விருது கிடைத்தது. ஆனால் விருது அடுத்த படத்தைக் கொண்டுவரவில்லை. அவர் கொண்டுபோன கதைகள் திருப்பி அனுப்பப்பட்டன. அந்த இடைவெளியில்தான் 1982இல் 'அனிமேஜ்' இதழில் நௌசிகாவை மாங்காவாக வரையத் தொடங்கினார். அது 1984இல் படமானது, அதைத் தொடர்ந்து ஜிப்லி பிறந்தது. இதற்குள் கலியோஸ்ட்ரோவை டி.வி.யில் போட்டிருந்தார்கள். திரும்பத் திரும்பப் போட்டார்கள். தியேட்டருக்குப் போகாத ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜப்பானில் இந்தப் படம் எல்லாருக்கும் தெரிந்த படமானது அப்படித்தான்.

கடல் தாண்டியும் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதன் ஒரு பகுதியைப் பார்த்த இளம் அனிமேட்டர் ஜான் லாசிட்டர், தன் வேலையின் மேல் இது ஏற்படுத்திய தாக்கத்தைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1986இல் டிஸ்னி எடுத்த துப்பறியும் எலியின் படத்தில், லண்டன் மணிக்கூண்டின் பற்சக்கரங்களுக்கு நடுவே நடக்கிற சண்டையில் கலியோஸ்ட்ரோவின் சாயலைப் பலரும் பார்க்கிறார்கள்.

மணிக்கூண்டுச் சண்டையில் பிரபு இரண்டு மோதிரங்களையும் பறித்துக்கொள்கிறான். கடிகாரத்தின் முகப்பில் செதுக்கிய ஆட்டின் இரண்டு கண்களில் அவற்றைப் பொருத்துகிறான். முட்கள் பன்னிரண்டை நோக்கி நகர்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்கிறான், முட்கள் ஒன்று சேர்கின்றன. புதையலைத் தேடியவனைப் புதையலின் பூட்டே கொன்றுவிட்டது. மதகு உடைந்து ஏரித் தண்ணீர் பாய்ந்து வடிகிறது. விடிந்ததும் பார்த்தால் ஏரி இருந்த இடத்தில் ஒரு நகரம். ரோமானியர் கட்டிய தெருக்கள், தூண்கள், படிகள். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. கிளாரிஸும் லூப்பினும் அதன் நடுவே நிற்கிறார்கள். இது மனித குலத்தின் சொத்து, என் சட்டைப்பைக்கு ரொம்பப் பெரிசு என்கிறான் லூப்பின்.

அப்புறம் விடைபெறும் நேரம். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், திருட்டு தெரியாது, ஆனால் கற்றுக்கொள்வேன் என்று அவள் அவன் மார்பில் சாய்கிறாள். கேமரா லூப்பினின் கைகளைக் காட்டுகிறது. அவை அவளை அணைக்க எழுகின்றன. தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது நின்று நடுங்குகின்றன. அவன் முகம் சுருங்குகிறது, பல்லைக் கடிக்கிறான். கைகள் மெல்ல இறங்கி அவள் தோள்களைப் பிடித்து விலக்குகின்றன. இப்போதுதானே வெளிச்சத்துக்கு வந்தாய், மறுபடியும் இருட்டுக்குள் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டு, நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடுகிறான்.

ஸெனிகாட்டா வந்து சேர்கிறான். லூப்பின் எதையும் திருடவில்லை, எனக்காகப் போராடினார் என்கிறாள் கிளாரிஸ். இல்லை, அவன் பெரிய பொருள் ஒன்றைத் திருடிக்கொண்டு போய்விட்டான், உங்கள் மனதை என்று சொல்லி, சல்யூட் அடித்துவிட்டு, ஸெனிகாட்டா மறுபடி துரத்தக் கிளம்புகிறான். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்கிறார் பக்கத்தில் நிற்கிற தோட்டக்காரக் கிழவர். தூரத்தில் மலைப்பாதையில் அந்த மஞ்சள் ஃபியட் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கிறது.